‘ஸ்டேஜ் 2 போட்டாச்சு... ஃபியூல் பம்ப் மாத்தணுமா?’ - பவர் கூட்டிய கார்களின் மறைந்திருக்கும் பலவீனம்

சிவகாசியில் மருந்துக் கலவை என்றால் என்னவென்று யாருக்கும் பாடம் நடத்த வேண்டியதில்லை. வெடியுப்பு எவ்வளவு, கந்தகம் எவ்வளவு, அலுமினியத் தூள் எவ்வளவு என்ற அளவில்தான் எல்லாமே இருக்கிறது. அளவு சரியாக இருந்தால் வாணம் மேலே போய்ப் பூக்கும். அளவு தவறினால் என்ன ஆகும் என்பதை இந்த ஊர் பலமுறை பார்த்து அழுதிருக்கிறது.

காரின் எஞ்சினுக்குள் நடப்பதும் கிட்டத்தட்ட இதே கதைதான். அங்கே எரியும் பொருள் பெட்ரோல். வெடியுப்பின் வேலையைச் செய்வது காற்றில் உள்ள ஆக்சிஜன். இரண்டும் சரியான அளவில் சேர்ந்தால் பவர். காற்று கூடி பெட்ரோல் குறைந்தால், எஞ்சின் உள்ளுக்குள்ளேயே வெந்துபோகும்.

விருதுநகர், சாத்தூர் வழியாகப் போகும் நான்கு வழிச்சாலையில் இன்று டர்போ பெட்ரோல் கார்கள் சாதாரணமாகிவிட்டன. போலோ ஜிடி, விர்டஸ், ஸ்லாவியா, ஐ20 என்-லைன் என்று தொடங்கி ஆக்டேவியா ஆர்எஸ் வரை பார்க்கலாம். வாங்கி ஆறு மாதம் கழித்து ரீமேப், அப்புறம் இன்டேக், டவுன்பைப், சிலருக்குப் பெரிய டர்போ. இந்தப் பயணத்தில் ஒரு கட்டத்தில் எல்லோருக்கும் வரும் கேள்வி: “அண்ணே, ஸ்டேஜ் 2 போட்டாச்சு. ஃபியூல் பம்ப் மாத்தணுமா?”

சிலர் “கண்டிப்பா மாத்தணும்” என்பார்கள். சிலர் “அதெல்லாம் தேவையில்லை, சும்மா ஓட்டு” என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்க்காமல் சொல்லும் வரை இரண்டு பதிலையும் நம்ப முடியாது.

பம்ப் பவர் தராது

முதலில் ஒரு தவறான எண்ணத்தைத் தள்ளிவைத்துவிடலாம். பெரிய ஃபியூல் பம்ப் போட்டால் காரின் பவர் ஒரு ஹெச்பி கூட ஏறாது. பவரைக் கூட்டுவது எஞ்சினுக்குள் போகும் காற்றும், அதற்கேற்ற ஈ.சி.யூ. டியூனிங்கும்தான். கூடுதல் காற்றுக்கு ஈடான பெட்ரோலைக் கொண்டுவந்து சேர்ப்பது மட்டுமே பம்பின் வேலை.

அம்பாசடர் காலத்தில் இந்த வேலை எளிது. எஞ்சின் பக்கத்தில் ஒரு சின்ன டயாஃப்ரம் பம்ப், கேம்ஷாஃப்ட் சுற்றும்போது அது பெட்ரோலை இழுத்து கார்புரேட்டருக்குத் தரும். அழுத்தம் மிகக் குறைவு. 2000-ம் ஆண்டையொட்டி எம்.பி.எஃப்.ஐ. கார்கள் பரவலானதும் நிலைமை மாறியது. பெட்ரோல் டேங்குக்குள்ளேயே மூழ்கியிருக்கும் மின்சார பம்ப் வந்தது. சுமார் 3 பார் அழுத்தத்தில் பெட்ரோலை இன்ஜெக்டருக்குத் தள்ள வேண்டிய பொறுப்பு அதனுடையது.

டைரக்ட் இன்ஜெக்ஷன் உள்ள இன்றைய டர்போ கார்களில் இரண்டு பம்புகள் இருக்கின்றன. டேங்குக்குள் இருக்கும் குறைந்த அழுத்த பம்ப், பெட்ரோலை எஞ்சின் வரை கொண்டுவரும். எஞ்சின் மேலே கேம்ஷாஃப்டில் ஓடும் உயர் அழுத்த பம்ப், அதை 200 பாருக்கு மேல் ஏற்றி நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சும். “பம்ப் மாத்தணும்” என்று யாராவது சொன்னால், முதலில் கேட்க வேண்டியது “எந்த பம்ப்?” என்பதுதான்.

கணக்கு என்ன சொல்கிறது?

டர்போ பெட்ரோல் எஞ்சின் முழு பவரில் ஓடும்போது, ஒரு ஹெச்பிக்கு மணிக்கு சுமார் 0.37 லிட்டர் பெட்ரோல் தேவை என்று டியூனர்கள் கணக்கு வைக்கிறார்கள். டர்போ இல்லாத எஞ்சினுக்கு இது சுமார் 0.31 லிட்டர்.

230 ஹெச்பி தரும் ஒரு 2 லிட்டர் டர்போ கார், டர்போவும் டியூனிங்கும் மாற்றி 300 ஹெச்பிக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம்.

300 ஹெச்பி x 0.37 = மணிக்கு 111 லிட்டர்.

இது எத்தனால் கலக்காத பெட்ரோலுக்கான கணக்கு. பங்க்கில் இப்போது கிடைப்பது இ20. அதற்கு சுமார் 8 சதவீதம் சேர்த்தால் 120 லிட்டர். பம்ப் எப்போதும் அதன் எல்லையில் ஓடக்கூடாது என்பதால் இன்னொரு 20 சதவீதம் சேர்த்தால் 144 லிட்டர்.

“அவ்வளவுதானா? கடையில 255 லிட்டர் பம்ப், 340 லிட்டர் பம்ப்னு விக்குறாங்களே!” என்று தோன்றும். பெட்டியில் போட்டிருக்கும் எண்ணில்தான் சூட்சுமம் இருக்கிறது. அந்த 255 லிட்டர் என்பது பொதுவாக சுமார் 3 பார் அழுத்தத்தில், 13.5 வோல்ட் மின்சாரத்தில் அளந்தது. அழுத்தம் ஏற ஏற, வோல்டேஜ் குறையக் குறைய அந்த எண் இறங்கிக்கொண்டே வரும்.

டர்போ 1.2 பார் பூஸ்ட் தள்ளினால், இன்டேக்கில் இருக்கும் அந்தக் காற்றழுத்தத்தை எதிர்த்துத்தான் போர்ட் இன்ஜெக்டர் பெட்ரோலைப் பீய்ச்ச வேண்டும். அதனால் பூஸ்டுக்கு ஏற்ப அழுத்தத்தைக் கூட்டும் ரெகுலேட்டர் உள்ள கார்களில், 3 பார் என்பது 4.2 பார் ஆகிவிடும். அதே நேரத்தில் பழைய ஒயரிங்கில் பம்புக்கு 12 வோல்ட்தான் போகிறது என்றால், பெட்டியில் 255 என்று எழுதியிருந்தாலும் கைக்கு வருவது அதைவிட நன்றாகவே குறைவு. நல்ல பம்ப் தயாரிப்பாளர்கள் அழுத்தத்துக்கும் வோல்டேஜுக்கும் ஏற்ற வரைபடம் தருவார்கள். பெட்டியின் முன்பக்கத்தைவிட அதைப் பார்த்து வாங்குவதே சரி.

சாதாரண ஸ்டேஜ் 1 ரீமேப்பில் பெரும்பாலான கார்களுக்கு ஒரிஜினல் பம்ப் போதும். கம்பெனியே ஒரு இடைவெளி வைத்துத்தான் தயாரிக்கிறது. பெரிய டர்போ, அதிக பூஸ்ட் என்று போகும்போதுதான் அந்த இடைவெளி தீர்ந்துபோகிறது.

இ20 மாற்றிய கணக்கு

2022-ல் டியூன் செய்து நன்றாக ஓடிய கார், டியூனிங்கில் கை வைக்காமலேயே இப்போது மேல் ஆர்.பி.எம்.மில் திணறலாம். காரணம் டேங்குக்குள் இருக்கிறது.

சுத்தமான பெட்ரோல் முழுமையாக எரிய, ஒரு கிலோவுக்கு சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். அதாவது, அதே காற்றுக்கு எத்தனால் அதிகமாக வேண்டும். 20 சதவீதம் எத்தனால் கலந்தால் இந்த விகிதம் சுமார் 13.5-க்கு இறங்கிவிடும்.

நாட்டில் 20 சதவீதக் கலப்பு என்ற இலக்கு முதலில் 2030-க்கு வைக்கப்பட்டு, பிறகு 2025-க்கு முன்னுக்குக் கொண்டுவரப்பட்டது. 2023-ல் இருந்து இ20 படிப்படியாக பங்க்குகளுக்கு வந்தது. எத்தனாலுக்கு ஆக்டேன் அதிகம் என்பதால் நாக்கிங் குறையும். டர்போ காருக்கு அது நல்லதுதான். ஆனால் அதே பவருக்கு பம்ப் கூடுதல் பெட்ரோல் தள்ள வேண்டும். கம்பெனி நிலையில் இருக்கும் காருக்கு அந்தச் சுமை பெரிதில்லை. ஏற்கெனவே பம்பின் விளிம்பில் ஓடிக்கொண்டிருந்த மாடிஃபைட் காருக்கு, அந்தக் கூடுதல் சுமையே கழுத்தைப் பிடிக்கும்.

இன்னொன்று: எத்தனால் பழைய ரப்பர், சில வகை பிளாஸ்டிக் பாகங்களைப் பாதிக்கும். பம்ப், ஹோஸ், ஓ-ரிங் எது வாங்கினாலும் எத்தனால் பெட்ரோலுக்கு ஏற்றதா என்று கேட்டு வாங்க வேண்டும்.

பெட்ரோல் குறைந்தால் என்ன ஆகும்?

முழு பூஸ்டில் ஓடும் டர்போ எஞ்சினுக்கு, காற்று-பெட்ரோல் விகிதம் பொதுவாக 11.5 முதல் 12.5 வரை இருக்கும்படி டியூன் செய்வார்கள். கூடுதலாகப் போகும் பெட்ரோல் எரிவதற்காக மட்டும் போவதில்லை. அது ஆவியாகும்போது சிலிண்டரைக் குளிர வைக்கிறது.

பம்ப் திணறினால் அழுத்தம் விழும், பெட்ரோல் குறையும், விகிதம் 13, 14 என்று ஏறும். மெக்கானிக்குகள் இதை ‘லீன்’ என்பார்கள். சிலிண்டர் வெப்பம் எகிறும், நாக்கிங் தொடங்கும். ஓட்டுபவருக்கு எதுவும் தெரியாது; கார் நன்றாக இழுப்பது போலவே இருக்கும். சில விநாடிகள் போதும், பிஸ்டனின் விளிம்பு உருகிவிடும். அப்புறம் எஞ்சினை இறக்கித்தான் பார்க்க வேண்டும்.

விருதுநகர் வெயில் இதை இன்னும் மோசமாக்கும். மே மாதத்தில் 40 டிகிரியைத் தொடும் நாளில், சூடான தாரின் மேல் டேங்கில் கால்வாசி பெட்ரோலோடு காரை விரட்டுகிறோம். டேங்குக்குள் இருக்கும் பம்பைக் குளிர வைப்பதே அதைச் சுற்றியிருக்கும் பெட்ரோல்தான். டேங்க் காலியாகக் காலியாக பம்ப் சூடாகும். “ரிசர்வ்லயே ஓட்டாதப்பா” என்று பழைய மெக்கானிக்குகள் சொல்வதில் அர்த்தம் இருக்கிறது.

முதலில் பம்ப் கெட்டிருக்கிறதா என்று பாருங்கள்

5,000 ஆர்.பி.எம்.முக்கு மேல் கார் தயங்குகிறதா? உடனே பெரிய பம்ப் ஆர்டர் போட வேண்டாம். இருப்பதே பழுதாக இருக்கலாம்.

இதற்கு இந்தியாவிலேயே பெரிய உதாரணம் உண்டு. ஹோண்டா கார்ஸ் இந்தியா, ஃபியூல் பம்புக்குள் சுற்றும் இம்பெல்லர் என்ற சின்ன பாகத்தின் குறையால் 2020-ல் 65,651 கார்களையும், 2021-ல் 77,954 கார்களையும், 2024-ல் 90,468 கார்களையும் திரும்ப அழைத்து, பம்பை இலவசமாக மாற்றித் தந்தது. பம்ப் அடைத்து, ஓடிக்கொண்டிருக்கும் கார் நின்றுவிடலாம் என்பதுதான் காரணம். இவை எந்த மாடிஃபிகேஷனும் இல்லாத, சாதாரண குடும்பக் கார்கள்.

எனவே முதல் வேலை, சேஸிஸ் எண்ணை வைத்து உங்கள் கார் ஏதாவது ரீகாலில் இருக்கிறதா என்று கம்பெனி இணையதளத்தில் பார்ப்பது. அடுத்து ஃபியூல் ஃபில்டர். அதற்கடுத்து, கார் லோடில் இருக்கும்போது பம்ப் கனெக்டரில் எத்தனை வோல்ட் வருகிறது என்று மல்டிமீட்டரில் பார்ப்பது. பேட்டரியில் 13.8 இருந்து பம்பில் 12-க்குக் கீழ் வந்தால், கோளாறு ஒயரிலோ எர்த்திலோ இருக்கிறது. அதைச் சரிசெய்தாலே பல நேரம் பிரச்சினை தீர்ந்துவிடும்.

மாற்றுவதென்றால், எதையெல்லாம்?

கணக்கும் சோதனையும் முடிந்து, பம்ப் உண்மையிலேயே போதவில்லை என்று தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் பம்பை மட்டும் மாற்றினால் வேலை முடியாது.

ஒயரிங்: பெரிய பம்புகள் 10 முதல் 15 ஆம்பியர் வரை இழுக்கும். கம்பெனி ஒயர் அதற்குப் போட்டதில்லை. பேட்டரியில் இருந்து தனி தடித்த ஒயர், ரிலே, சரியான ஃபியூஸ், நல்ல எர்த் வேண்டும். “ஃபியூஸ் போகுதுன்னு பெரிய ஃபியூஸ் போட்டேன்” என்பது மிக ஆபத்தான வேலை. அப்போது ஃபியூஸுக்குப் பதிலாக ஒயர் எரியும். அதுவும் பெட்ரோல் டேங்குக்கு மேலே.

ரெகுலேட்டர்: பல கார்களில் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் டேங்குக்குள்ளேயே இருக்கிறது. மிகப் பெரிய பம்ப் போட்டால், உபரி பெட்ரோலைத் திருப்பிவிட அதனால் முடியாமல் அழுத்தம் தானாக ஏறும். ஐடிலிங்கில் புகை, மோசமான மைலேஜ். தேவைக்கு மேல் பெரிய பம்பும் ஒரு கோளாறுதான்.

இன்ஜெக்டர்: இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரம் 80-85 சதவீதத்தைத் தாண்டினால், பம்ப் எவ்வளவு தள்ளினாலும் பயனில்லை. அடுத்த அளவு இன்ஜெக்டர் தேவைப்படும்.

உயர் அழுத்த பம்ப்: டைரக்ட் இன்ஜெக்ஷன் கார்களில் பெரும்பாலும் முதலில் மூச்சு வாங்குவது எஞ்சின் மேல் இருக்கும் இந்த பம்ப்தான். டேங்க் பம்பை மட்டும் மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது. மேலும், பல புதிய கார்களில் டேங்க் பம்பின் வேகத்தையே ஒரு தனி மாட்யூல் தேவைக்கேற்ப மாற்றுகிறது. அதோடு ஒத்துப்போகாத பம்ப் போட்டால் செக் எஞ்சின் லைட் எரியும்.

டியூனிங்: எல்லாம் போட்ட பிறகு ஈ.சி.யூ.வை மறுபடி டியூன் செய்தே ஆக வேண்டும். இன்ஜெக்டர் மாறியதை ஈ.சி.யூ.வுக்குச் சொல்லாவிட்டால் அது பழைய கணக்கிலேயே பெட்ரோல் விடும்.

வால்ப்ரோ போன்ற பெயர் பெற்ற பம்புகளுக்குப் போலிகள் ஏராளம். விலை பாதிக்கும் கீழே இருந்தால் சந்தேகப்படுங்கள். ஹோஸிலும் கவனம் வேண்டும். சாதாரண பெட்ரோல் ஹோஸ் உள்பக்கம்தான் பெட்ரோலைத் தாங்கும். டேங்குக்குள் மூழ்கியிருக்க, வெளிப்பக்கமும் தாங்கும் தனி ரகம் இருக்கிறது. அது இல்லாமல் போட்டால் சில மாதங்களில் ஹோஸ் இளகி, அழுத்தம் டேங்குக்குள்ளேயே கசிந்துவிடும்.

டீசல் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. காமன் ரெயில் டீசலில் அழுத்தமே 1,600 பாருக்கு மேல். அங்கே பம்ப் பழுதானால் உலோகத் துகள்கள் இன்ஜெக்டர் வரை போய்விடும். பெட்ரோல் கார் கணக்கை அப்படியே அங்கே எடுத்துப்போக முடியாது.

பட்டாசு ஆலையில் கற்றுக்கொள்ள வேண்டியது

பல கார்களில் பம்ப் பின்சீட்டுக்குக் கீழே இருக்கிறது. சீட்டைத் தூக்கி, மூடியைத் திறந்தால் பம்ப் வந்துவிடும். “அரை மணி நேர வேலைதானே, வீட்டு வாசல்லயே பண்ணிடலாம்” என்று தோன்றுவது இதனால்தான்.

பெட்ரோல், மைனஸ் 40 டிகிரி குளிரிலும் தீப்பற்றும் அளவுக்கு ஆவியாகக் கூடியது. அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து போகும். காற்றில் 1.4 சதவீதம் கலந்தாலே ஒரு பொறி போதும்.

இந்த வட்டாரத்தின் பட்டாசு ஆலைகளில், மருந்து கையாளும் ஒரு அறைக்குள் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. உள்ளே போகும் முன் செம்புத் தகட்டைத் தொட்டு உடலில் உள்ள நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டுப் போவார்கள். செல்போனுக்கு அனுமதி இல்லை. அதை மீறிய இடங்களில் நடந்ததை எல்லோரும் அறிவோம். திறந்த பெட்ரோல் டேங்க் முன்னால் நிற்பவருக்கும் அதே ஒழுங்கு வேண்டும்.

காற்றோட்டமான இடம். டேங்கில் கால்வாசிக்கு மேல் பெட்ரோல் வேண்டாம். பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு, எஞ்சின் தானாக நிற்கும் வரை ஓடவிட்டு லைனில் உள்ள அழுத்தத்தை இறக்க வேண்டும். அதன் பிறகு பேட்டரி நெகட்டிவ் கழற்ற வேண்டும். வேலை தொடங்கும் முன் காரின் இரும்புப் பகுதியைத் தொட வேண்டும். கைக்கெட்டும் தூரத்தில் பவுடர் தீயணைப்பான். மூடி வளையத்தின் ரப்பர் கேஸ்கெட் புதிதாக இருக்க வேண்டும். சாவியை மட்டும் நான்கைந்து முறை ஆன் செய்து, கசிவு இல்லை என்று பார்த்த பிறகே சீட்டை மூட வேண்டும். செல்போன் டார்ச் அடித்து எட்டிப் பார்க்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

பழுதான பம்பை அதே ரகத்தில் மாற்றுவது வெறும் பராமரிப்பு. பவரைக் கூட்டுவது வேறு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் தந்த விவரங்களில் இருந்து ஆர்.சி. விவரங்கள் மாறும்படி வாகனத்தை மாற்றுவதைத் தடை செய்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. 182ஏ(4) பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாத மாற்றம் விபத்து நேரத்தில் தெரிந்தால், கிளைம் கைவிட்டுப் போகலாம்.

300, 400 ஹெச்பியை முழுதாகப் பயன்படுத்த நான்கு வழிச்சாலை இடமில்லை. குறுக்கே டிராக்டர் வரும், ஆட்டு மந்தை வரும், ஷிஃப்ட் முடிந்த ஆலைப் பேருந்து வரும். அதற்கென்று கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வேயும், சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட்டும் இருக்கின்றன. டிராக் கார் என்றே முடிவு செய்தவர்களுக்குத்தான் பெரிய பம்ப் முழு அர்த்தத்தில் தேவைப்படும்.

பில் போடும் முன் ஒரு கேள்வி

டியூனரிடம் போகும்போது “எத்தனை ஹெச்பி வரும்?” என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அதோடு இன்னொன்றையும் கேளுங்கள்: “ஃபுல் லோடில், ரெட்லைன் வரைக்கும் ஃபியூல் பிரஷர் எவ்வளவு நிக்குது? லாக் காட்டுங்க.”

அந்த வரைபடத்தில் அழுத்தக் கோடு கடைசி வரை நேராக இருந்தால், பழைய பம்பே போதும், காசு மிச்சம். 4,500-ல் இருந்து கோடு சரியத் தொடங்கினால், பம்புக்கும் ஒயரிங்குக்கும் செலவு செய்யும் வரை ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்துவிடுங்கள். லாக் காட்ட மறுக்கும் கடையாக இருந்தால், சாவியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடலாம்.